பூச்சியை விரட்டும் விளையாட்டு: நியூசிலாந்தின் ஸ்பார்க்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கைபேசியில் ஒரு மனநலச் செயலியை இறக்கி வைத்திருந்தாள். தினமும் இரவு "இன்றைய நாள் எப்படி இருந்தது?" என்று கேட்கும். ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். மூன்று நாள் தொட்டாள். நான்காம் நாளிலிருந்து அந்த அறிவிப்பு வந்தாலே விரலால் ஒதுக்கிவிடுவாள். "ஏண்டி விட்டுட்ட?" என்று கேட்டேன். "அழற முகத்தத் தொட்டாலும் அது ஒண்ணும் பண்ணல சித்தி" என்றாள்.

பிள்ளைகளின் மனநலத்துக்குச் செயலி உதவுமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் அவள் சொன்னதுதான் நினைவுக்கு வரும். அடுத்து வருவது ஸ்பார்க்ஸ், பதின்வயதினரின் மனச்சோர்வுக்குச் சிகிச்சையாக நியூசிலாந்தில் உருவான விளையாட்டு. இணையச் செயலிக் கடைகளில் கொட்டிக் கிடக்கும் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு விளம்பர வாசகம்தான் இருக்கும். ஸ்பார்க்ஸ் அப்படி இல்லை. மாதிரி வடிவம், முழு விளையாட்டு, முறையான ஆய்வு, அரசு வெளியீடு, பிற நாடுகளில் பரிசோதனை, சறுக்கல் என்று ஏறத்தாழ அதன் முழு வாழ்க்கையும் பதிவாகியிருக்கிறது. அதை உருவாக்கியவர்களே அதன் குறைகளையும் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பார்க்ஸ் பிறந்தபோது கைபேசிச் செயலி அல்ல. குறுந்தகட்டில் வந்த கணினி விளையாட்டு. பிறகு இணையத்துக்கு மாறியது, அப்புறம்தான் கைபேசிக்கு வந்தது. கருவி மாறினாலும் உள்ளே இருந்த சிகிச்சை மாறவில்லை என்பதால் அந்த வரலாறு இன்றைய செயலிகளுக்கும் பொருந்தும்.

ஏன் அந்த நாடு

நியூசிலாந்து என்றால் நம் மனதில் வருவது பசும்புல்லும் ஆடும் கிரிக்கெட்டும்தான். 2017-ல் யுனிசெஃப் 41 வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. 15 முதல் 19 வயதினரின் தற்கொலை விகிதம் அதில் எல்லா நாடுகளையும்விட நியூசிலாந்தில்தான் அதிகம்: லட்சத்துக்கு 15.6. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் இளையோரிடம் நிலைமை இன்னும் மோசம். மனச்சோர்வில் இருக்கும் பதின்வயதினரில் பலர் உதவி கேட்டு யாரிடமும் போவதில்லை. போக நினைத்தாலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கிடைப்பது கடினம்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் குழந்தைகள், பதின்வயதினருக்கான மனநல மருத்துவராக இருந்த சாலி மெரியின் குழு இந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டது. குழுவில் இருந்த கரோலினா ஸ்டாசியாக் ஏற்கெனவே 'தி ஜர்னி' என்ற சிறிய கணினித் திட்டத்தை உருவாக்கி 34 மாணவர்களிடம் சோதித்திருந்தார். எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் மனச்சோர்வு உள்ள பிள்ளை கணினி முன் உட்கார்ந்து சிகிச்சையின் அடிப்படைகளைக் கற்றுக்கொள்ளும் என்ற தைரியம் அதில் வந்தது.

விளையாட்டை மருத்துவர்கள் தாங்களே செய்ய முயலவில்லை என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. மெட்டியா இன்டராக்டிவ் என்ற விளையாட்டு நிறுவனத்திடம் போனார்கள். அதை நிறுவிய மாரு நிஹோனிஹோ ஒரு மாவோரிப் பெண். சிகிச்சை என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டது. பதினைந்து வயதுப் பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போக ஏன் ஆசைப்பட வேண்டும் என்பதை நிறுவனம் பார்த்துக்கொண்டது. நம்மூரில் இப்படி ஒரு வேலை நடந்தால் பெரும்பாலும் துறைத் தலைவரின் உரையைப் பக்கம் பக்கமாகத் திரையில் ஏற்றி அதற்கு 'விழிப்புணர்வுச் செயலி' என்று பெயர் வைப்பார்கள்.

ஏழு மாகாணங்கள்

விளையாட்டைத் திறந்ததும் 'வழிகாட்டி' என்ற பாத்திரம் நேராக நம்மைப் பார்த்துப் பேசும். வணக்கம் சொல்லி, மனச்சோர்வு என்றால் என்ன, இங்கே என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கும். பிறகு நமக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, உடை, நிறம் எல்லாம் மாற்றிக்கொண்டு கற்பனை உலகத்துக்குள் இறங்க வேண்டும். அந்த உலகம் நிலைகுலைந்து கிடக்கிறது. காரணம் 'நாட்'கள்.

காதைச் சுற்றி ரீங்காரமிட்டு மொய்க்கும் சின்னப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். விளையாட்டில் அது இருண்ட, எதிர்மறையான, தானாக எழும் எண்ணங்களைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையின் மையக் கருத்தே இதுதான். நம் மனநிலையைக் கெடுப்பது நடந்த சம்பவம் மட்டும் அல்ல, அதைப் பற்றி நாம் கவனிக்காமலேயே மனதில் ஓடும் வாக்கியமும்தான். அந்த வாக்கியத்தைப் பிடித்து, உண்மைதானா என்று சோதித்து, மாற்ற வேண்டும். வழக்கமாக ஆலோசகர் இதற்கு ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுப்பார்: என்ன நடந்தது, என்ன நினைத்தாய், எப்படி உணர்ந்தாய். பதின்வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு வீட்டுப்பாடம். ஸ்பார்க்ஸில் அந்த வாக்கியமே பூச்சியாகப் பறந்து வந்து முகத்துக்கு நேராகத் திட்டுகிறது. நாம் அதைச் சுட்டு வீழ்த்தலாம்.

ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாகாணம், ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 40 நிமிடம். குகை மாகாணத்தில் நம்பிக்கையும் மெதுவாக மூச்சு விடுதலும். பனி மாகாணத்தில் உடம்பை அசைத்து ஏதாவது செய்யத் தொடங்குவது. மனச்சோர்வில் இருப்பவருக்குப் படுக்கையிலிருந்து எழுவதே மலை ஏறுவதுபோல, அதனால் இது இரண்டாவதாகவே வருகிறது. எரிமலை மாகாணத்தில் கோபம், காயம் போன்ற கொதிக்கும் உணர்ச்சிகளைக் கையாள்வது. மலை மாகாணத்தில் சிக்கலைத் தீர்க்கும் படிகள்: இதுதான் பிரச்சினை என்று சொல், வழிகளை யோசி, அலசு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய், என்ன ஆனது என்று பார். சதுப்பு நில மாகாணத்தில் பூச்சிகளை அடையாளம் காண்பது. பால மாகாணத்தில் அவற்றோடு வாதாடுவது. கடைசியில் பள்ளத்தாக்கு மாகாணம். அதுவரை கற்றதையெல்லாம் சேர்த்து, துயரத்தோடு சற்று நேரம் இருக்கப் பழகுவதும், எப்போது பிறரிடம் உதவி கேட்க வேண்டும் என்பதும் அங்கே வருகின்றன.

பூச்சிகளில் பல வகை உண்டு. பிறர் மனதைப் படிப்பதாக நினைக்கும் பூச்சி: வகுப்பில் இரண்டு பேர் சிரித்தால் அது என்னைப் பற்றித்தான். பேரழிவுப் பூச்சி: கணக்கில் ஃபெயில் ஆனால் வாழ்க்கையே முடிந்தது. குற்ற உணர்வுப் பூச்சி: அப்பாவும் அம்மாவும் சண்டை போட நான்தான் காரணம். அப்புறம் பரிபூரணப் பூச்சி: 98 வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போச்சு? உதாரணங்கள் நான் போட்டவை, வகைகள் விளையாட்டில் உள்ளவை. கடைசிப் பூச்சியை நம் வீடுகளில் பெற்றோரே பால் ஊற்றி வளர்க்கிறோம் என்பதால் அதைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டை அம்மாக்களுக்கும் கொடுக்கலாம்.

ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு வழிகாட்டி மறுபடி வந்து, உள்ளே கற்றதை உன் வாழ்க்கையில் எங்கே பயன்படுத்துவாய் என்று கேட்கும், சின்னதாக ஒரு வேலையும் கொடுக்கும். விளையாட்டு வெறும் விளையாட்டாக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பகுதிதான். பூச்சியைச் சுடுவதில் மட்டும் ஒரு பிள்ளை கெட்டிக்காரனாகி என்ன பயன்? நாளைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் அந்தப் பூச்சி வரும்போது அதுதான் என்று தெரிய வேண்டும்.

187 பேர்

அடுத்தது ஆய்வு. 2012 ஏப்ரலில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதன் முடிவு வந்தது. நியூசிலாந்தில் 24 இடங்களில், பொது மருத்துவர்கள், இளையோர் மருத்துவமனைகள், பள்ளி ஆலோசனை மையங்கள் ஆகியவற்றில், மனம் சோர்ந்து உதவி கேட்டு வந்த 12 முதல் 19 வயதுப் பிள்ளைகள் 187 பேர். குலுக்கல் முறையில் 94 பேருக்கு ஸ்பார்க்ஸ், 93 பேருக்கு வழக்கமான சிகிச்சை. 'வழக்கமான சிகிச்சை' என்றதும் ஒன்றும் செய்யாமல் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் உளவியலாளர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதுதான் அது. தற்கொலை ஆபத்து அதிகம் உள்ள பிள்ளைகளை ஆய்வில் சேர்க்கவில்லை. இது சரியான முடிவு. ஆனால் பின்னால் செயலியை விற்பவர்கள் முதலில் மறந்துபோவதும் இதைத்தான்.

இரண்டு தரப்பிலும் மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. ஸ்பார்க்ஸ் தரப்பில் சராசரியாக 10.32 புள்ளி, மறு தரப்பில் 7.59. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது அல்ல. ஆய்வு கேட்ட கேள்வியும் வேறு: நேரடி ஆலோசனைக்கு இந்த விளையாட்டு சளைத்ததா? சளைத்தது அல்ல என்பதுதான் விடை. மேலானது என்று அர்த்தமில்லை. மனச்சோர்விலிருந்து முழுமையாக மீண்டவர்களின் விகிதத்தில் மட்டும் ஸ்பார்க்ஸ் முந்தியது: 43.7 விழுக்காடு, எதிர்த்தரப்பில் 26.4. செய்தித்தாள்கள் கொண்டாடியது இந்த எண்ணை. ஆனால் அது ஆய்வின் முதன்மை அளவீடு அல்ல, திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ஒரு துணைக் கணக்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு இரண்டு எண்கள். ஸ்பார்க்ஸ் கொடுக்கப்பட்டவர்களில் 86 விழுக்காட்டினர் குறைந்தது நான்கு கட்டம் முடித்தார்கள். 60 விழுக்காட்டினர் ஏழையும் முடித்தார்கள். சோர்ந்து கிடக்கும் பதின்வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேர் ஒரு சிகிச்சையைக் கடைசிவரை முடிக்கிறார்கள் என்றால் அது பெரிய விஷயம்.

கையில் கொடுத்தவர்

அந்த 60 விழுக்காடு எப்படி வந்தது? விளையாட்டு நன்றாக இருந்தது என்பது பாதி விடைதான்.

ஆய்வில் இருந்த ஒரு பிள்ளை ஸ்பார்க்ஸைத் தானாகத் தேடி எடுக்கவில்லை. முதலில் அவள் ஒரு மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ போய் "எனக்கு மனசு சரியில்லை" என்று வாய்திறந்து சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டிருக்கிறார். அவள் தாங்கும் நிலையில் இருக்கிறாளா, ஆபத்து உண்டா என்று பார்த்திருக்கிறார். அதன் பிறகுதான் குறுந்தகடு கைக்கு வந்தது. கூடவே ஒரு குறிப்பேடும் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்தின் சுருக்கமும், அவளுக்குத் தோன்றியதை எழுத இடமும் அதில் இருந்தன.

அளவிட்ட முறையையும் பாருங்கள். மனச்சோர்வை அளக்கப் பயன்பட்டது பிள்ளைகளுக்கென உள்ள 17 கேள்வி அளவுகோல். பெட்டியில் டிக் அடித்துவிட்டுப் போகிற படிவம் அல்ல, ஒருவர் எதிரில் உட்கார்ந்து தூக்கம், பசி, படிப்பு, அழுகை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் நேர்காணல். அந்தப் 17-ல் கடைசி மூன்றைப் பிள்ளையிடம் கேட்கவே மாட்டார்கள். முகத்தில் உணர்ச்சி இருக்கிறதா, பேச்சு இழுக்கிறதா, உடம்பு மந்தமாக இருக்கிறதா என்று கேட்பவர் தானே பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இப்படி ஒரு பெரியவர் தன்னை இவ்வளவு கவனமாகப் பார்த்த அனுபவம் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதற்கு முன் இருந்திருக்கும்? ஆய்வுக்கட்டுரையில் இது 'மதிப்பீடு' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் கவனிப்புதான்.

ஆய்வில் பிழை என்று நான் சொல்லவில்லை, இரண்டு தரப்புக்கும் இதே நேர்காணல்தான். "மனிதர் இல்லாமல் செயலி மட்டுமே" என்று பிறகு பேசப்பட்ட தரப்பிலும் வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

கதவைத் திறந்து வைத்த பிறகு

2012-ல் அன்றைய பிரதமர் ஜான் கீ இளையோர் மனநலத்துக்கென ஒரு திட்டத் தொகுப்பை அறிவித்தார். அதன் ஒரு பகுதியாக 2014 ஏப்ரலில் ஸ்பார்க்ஸ் நாடு முழுவதும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. மருத்துவர் சீட்டு வேண்டாம், ஆலோசகரைப் பார்க்க வேண்டாம். நியூசிலாந்தில் இருக்கும் எந்தப் பிள்ளையும் பதிவு செய்து விளையாடலாம். இதுவரை யாரிடமும் வாய்திறக்காத பிள்ளைகளை எட்ட வேண்டும் என்பது நோக்கம். அது நிறைவேறவும் செய்தது, ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டங்களிலேயே நின்றுவிட்டார்கள். அதே விளையாட்டு, அதே பூச்சிகள், அதே வழிகாட்டி. மாறியது ஒன்றுதான்: இரண்டாவது கட்டம் முடிந்ததா என்று கேட்க யாரும் இல்லை.

இதை ஒளித்து வைக்காமல் ஆராய்ந்தவர்கள் அந்தக் குழுவினரே. குழுவின் தெரசா ஃப்ளெமிங்கும் சக ஆய்வாளர்களும் 2018-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான இணைய சுயஉதவித் திட்டங்களை ஆய்வுக்கு வெளியே, நடைமுறையில் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தது அது. முழுமையாக முடித்தவர்கள் அல்லது தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் திட்டத்தைப் பொறுத்து 0.5 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடு வரைதான் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வேறொரு குழு பொதுவான மனநலச் செயலிகள் 93-ஐ எடுத்து, இறக்கியவர்களில் எத்தனை பேர் அப்புறமும் திறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. பதினைந்தாம் நாளில் மிஞ்சியவர்களின் இடைநிலை அளவு 3.9 விழுக்காடு, முப்பதாம் நாளில் 3.3. என் அக்கா மகள் நான்காம் நாளில் விட்டதற்கு அவளைத் திட்டியிருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

முடிக்காதவர்கள் எல்லாம் தோற்றவர்கள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொண்டு, அன்றைய இரவைக் கடந்து, அதோடு போதும் என்று மூடியவர்களும் அதில் இருப்பார்கள். முதல் கட்டத்திலேயே அந்தப் பயிற்சி வைக்கப்பட்டிருப்பது நல்ல வடிவமைப்பு. ஆனால் சிகிச்சையின் முதுகெலும்பான எண்ணத்தைப் பிடித்து வாதாடும் பகுதி ஐந்தாவது, ஆறாவது கட்டங்களில்தான் வருகிறது. முதலிரண்டில் நின்ற பிள்ளை சிபிடி-யின் வாசலைத்தான் பார்த்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் வயது. பிள்ளைக்கு அல்ல, விளையாட்டுக்கு. 2000-களின் இறுதியில் அசத்தலாகத் தெரிந்த காட்சிகள் பத்தே ஆண்டில் பழைய டப்பா ஆட்டம்போல ஆகிவிட்டன. மருந்தின் காப்புரிமை இருபது ஆண்டு தாங்கும். விளையாட்டின் முகம் அவ்வளவு காலம் தாங்காது. செயலிக்கு ஒருமுறை நிதி ஒதுக்கி, ரிப்பன் வெட்டிவிட்டுப் போகும் அரசுகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மற்ற ஊர்களில்

ஒழுங்கான பள்ளிகளில் நிலைக்காமல் மாற்றுக் கல்வி மையங்களுக்குப் போன 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 32 பேரிடம் ஃப்ளெமிங் ஸ்பார்க்ஸைச் சோதித்தார். மையத்திலேயே, நேரம் ஒதுக்கி, பெரியவர்கள் இருக்கும் அறையில் விளையாட வைத்தார்கள். எதையும் முடிக்காத பிள்ளைகள் என்று பெயர் வாங்கியவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது.

சிட்னியில் 10 பள்ளிகளில் 540 பேர். எல்லோரும் பள்ளி இறுதித் தேர்வை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். நம் பிளஸ் டூ என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் நோய் என்று முத்திரை குத்தாமல், தேர்வுக் கால அழுத்தம் வருமுன் காப்பதற்காகவே ஸ்பார்க்ஸைக் கொஞ்சம் மாற்றி வகுப்பு நேரத்தில் கொடுத்தார்கள். உணவு, உடற்பயிற்சி போன்ற பொது விஷயங்களைச் சொன்ன வேறொரு திட்டம் மறு தரப்புக்கு. ஸ்பார்க்ஸ் தரப்பில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன, ஆறு மாதம் வரைக்கும் அது நீடித்தது. பதினெட்டாம் மாதத்தில் வித்தியாசம் காணாமல் போயிருந்தது. ஆனாலும் தேர்வுக் காலத்தைக் கடத்திவிட்டதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெதர்லாந்தில் கதை வேறு. மனச்சோர்வு அறிகுறிகள் கூடியிருந்த 208 பெண்பிள்ளைகளை நான்கு தரப்பாகப் பிரித்தார்கள்: பள்ளியில் குழுவாக நடத்தும் திட்டம், ஸ்பார்க்ஸ், இரண்டும் சேர்த்து, மனநிலையைக் கண்காணிப்பது மட்டும். நான்கு தரப்பிலும் அறிகுறிகள் குறைந்தன, தரப்புகளுக்குள் வித்தியாசமே இல்லை. சும்மா அடிக்கடி "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கப்பட்ட பிள்ளைகளும் அதே அளவு தேறினார்கள். ஸ்பார்க்ஸ் ஆதரவாளர்கள் சற்று வேகமாகக் கடந்துபோகும் ஆய்வு இது. கடந்துபோகக் கூடாது.

கனடாவின் வடகோடியில் நுனாவுட் பகுதி. இனுயிட் மக்கள் வாழும், சாலைகளே இணைக்காத ஊர்கள். மனநலப் பணியாளர் விமானத்தில் வந்து போனால்தான் உண்டு. அங்கே 11 ஊர்களில் 24 இளையோரிடம் முன்னோட்டம் பார்த்ததில் நம்பிக்கையின்மை குறைந்தது. அதோடு விடாமல், உள்ளூர் இளையோரையும் மூத்தோரையும் கலந்து அந்த நிலத்துக்கே உரிய வடிவில் விளையாட்டை மறுபடி செய்யும் வேலையும் தொடங்கியது.

இது வெறும் அலங்கார வேலை அல்ல. ஸ்பார்க்ஸ் குழுவில் இருந்த மேத்யூ ஷெப்பர்ட் மாவோரிப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தார். விளையாட்டில் தங்கள் செதுக்கு வேலைப்பாடுகளைப் பார்த்ததும், தங்கள் உருவத்துக்கு மாவோரி வடிவங்களைப் போட்டுக்கொள்ள முடிந்ததும் அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, குடும்பத்துக்கு இதில் என்ன இடம் என்ற கேள்வியும் எழுந்தது. தனியாக அறையில் உட்கார்ந்து தன் எண்ணத்தோடு தானே போராடும் பிள்ளை என்பதே ஒருவகை வாழ்க்கை முறையின் கற்பனை. பாட்டி, சித்தப்பா, பெரியம்மா என்று ஆள் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு மனச்சோர்வும் தனியாக வருவதில்லை, மீட்சியும் தனியாக வருவதில்லை. நமக்கு இது புதிதா என்ன?

அயர்லாந்தில் இதே பூச்சிக் கருத்தை வைத்து வேறொரு விளையாட்டு உண்டு, 'பெஸ்கி நாட்ஸ்' என்று பெயர். டப்ளினில் உருவானது. அதைப் பிள்ளை தனியாக விளையாடுவதற்கென்று செய்யவே இல்லை. சிகிச்சையாளரும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசக் கூசும் பத்து வயதுப் பிள்ளைக்கு இருவரும் பார்க்க மூன்றாவதாக ஒன்று இருப்பது எவ்வளவு வசதி! வீட்டுக்குப் போன பிறகு பயன்படுத்தக் கைபேசிச் செயலி தனியாக இருக்கிறது. என்னைக் கேட்டால் செயலிக்கு உரிய இடம் இதுதான்.

நம் பக்கம்

இந்தியாவில் இதற்கு மிக நெருக்கமான வேலையைச் செய்தது கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற மனநல அமைப்பு. 2018-ல் டெல்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் பிரச்சினையைத் தீர்க்கும் படிகளைச் சொல்லும் படக்கதைப் புத்தகங்கள். பாதிப் பேருக்குப் புத்தகம் மட்டும். மீதிப் பேருக்குப் புத்தகத்தோடு ஓர் ஆலோசகர். தொழில்முறை உளவியலாளர் அல்ல, குறுகிய பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரி. சில வாரங்களில் நாலைந்து சிறு அமர்வுகள். மாணவர்கள் தாங்களே "இதுதான் என்னை வாட்டுகிறது" என்று எழுதிக் கொடுத்த பிரச்சினைகள், ஆலோசகர் இருந்த தரப்பில் கூடுதலாகக் குறைந்தன. பொதுவான மனநல அறிகுறிகளை அளக்கும் வினாத்தாளில் மட்டும் ஆறாவது வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வெறும் புத்தகத்துக்கும் ஆள் சேர்ந்த புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு நேராகப் போட்டுப் பார்த்த ஆய்வு இது. புத்தகம் இருந்த இடத்தில் செயலியை வைத்து வாசித்தால் நியூசிலாந்துக் கதையேதான்.

அந்தப் படிகளை அப்புறம் கைபேசி விளையாட்டாகவும் மாற்றினார்கள். 'பாட் அட்வென்சர்ஸ்' என்று பெயர். பிரச்சினை, வழி, செய்து பார் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. டெல்லிப் பாடத்தை மறக்காமல், பள்ளியில் ஓர் ஆலோசகர் கூட இருந்து வழிநடத்துவதாகவே இதையும் வடிவமைத்தார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் இப்படி ஏதாவது தொடங்க நினைப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, செயலியில் என்ன இருக்கிறது என்பது அல்ல. செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் இதற்கென்று எந்த அறை, அதில் உட்காரப்போவது யார், அவருக்கு அன்று வேறு பரீட்சை டியூட்டி போடாமல் இருப்பார்களா? அடுத்து, கைபேசி யாருடையது? நம் வீடுகளில் பிள்ளையின் கைபேசி என்பது பெரும்பாலும் அப்பாவின் பழைய கைபேசி, அல்லது அம்மாவோடு பகிர்ந்துகொள்வது. "அப்பாமீது கோபமாக இருக்கிறேன்" என்று எழுதினால் அதை அப்பாவே படிக்க நேரலாம். மூன்றாவது, எழுதியது எங்கே போகிறது? 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. நல்ல சட்டம். ஆனால் வீட்டில் நடப்பதுதான் பிரச்சினையாக இருக்கும் பிள்ளை, உதவி தேடப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்ற முடிச்சையும் அது கூடவே போடுகிறது. இந்த முடிச்சைப் பள்ளியில் நம்பிக்கையான ஒரு பெரியவர் பக்குவமாக அவிழ்க்கலாம். திரையால் முடியாது.

கடைசியாக ஒன்று. ஸ்பார்க்ஸில் எப்போது பிறரிடம் உதவி கேட்க வேண்டும் என்ற பாடம் ஏழாவது கட்டத்தில், பள்ளத்தாக்கு மாகாணத்தில் வருகிறது என்றேன். தனியாகத் திறந்த பிள்ளைகளில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. இணைய வடிவத்தில் முதல் கட்டத்திலேயே மனநிலைக் கேள்வித்தாள் ஒன்றை வைத்து, நிலைமை மோசமாகத் தெரிந்தால் உடனே உதவி எண்களைக் காட்டும்படி செய்திருந்தார்கள். நான்காவது, ஏழாவது கட்டங்களிலும் அதே கேள்வித்தாள் மறுபடி வரும். நம்மூரில் அந்த இடத்தில் எழுத வேண்டிய எண் 14416. மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கான அவசர உதவிக்கு 1098. என் அக்கா மகளின் கைபேசியில் இரண்டையும் நானே பதிந்து கொடுத்தேன். 14416-க்கு என்ன பெயர் போடலாம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்தி 2-னு போடு" என்றாள்.